எழுந்து நிற்க முடியாத தண்ணீர்

1

கார் வர இன்னும் ஒன்றரை மணி நேரம் ஆகும் என்பதால்தான் இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன். இதைவிடக் கௌரவமான காரணம் எதுவும் என்னிடம் இல்லை. தன் கதை பிறந்த விதத்தைச் சொல்லும் எழுத்தாளர்கள் மழை, ரயில் பயணம், யாரோ ஒருவரின் கண்கள் என்று ஏதாவது சொல்வார்கள். என் கதை பிறந்ததற்குக் காரணம் லோகேஸ்வரன். ஐயம்பேட்டையில் வாடகைக் கார் ஓட்டுகிறவன். காணும் பொங்கலுக்கு யாரையோ மாமல்லபுரம் அழைத்துப்போய்விட்டு விடிகிற நேரத்தில்தான் வீடு திரும்பியிருக்கிறான். "சித்த படுத்து எழுந்து, மூஞ்சி கழுவிக்கினு வந்துடறேன் சார்" என்றான். தூங்காதவன் ஓட்டும் காரில் போக எனக்கும் பயம். சரி என்றேன். மணி ஆறேகால்.

உட்கார்ந்திருப்பது காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில், என் தங்கை கலாவதியின் வீட்டில், தறிக்குப் பக்கத்தில். எழுதுவது, புடவையில் நெய்யும் புட்டாப் பூக்களை வரைகிற கட்டம் போட்ட தாளில். வேறு தாள் இந்த வீட்டில் இல்லை.

விஷயம் இதுதான். கலாவதியின் கணவர் கலியாணசுந்தரம், ஐம்பத்திரண்டு வயது, பட்டு நெசவாளர். எட்டடி நீளப் பாய்மரப் படகு ஒன்றில் மாட்டுப் பொங்கலன்று காலை பழவேற்காடு ஏரிக்குள் போனார். ஒரு ராத்திரி மணல்திட்டில் கூடாரம் போட்டுத் தங்கிவிட்டு, நேற்று மாலை ஐந்து மணிக்குக் கரை திரும்புவதாகத் திட்டம்.

திரும்பவில்லை.

அவரை அங்கே அனுப்பியவன் நான். பிடித்துத் தள்ளவில்லை. ஒரே ஒரு வரி எழுதினேன்.

2

தொடக்கங்கள் சில.

"பழவேற்காட்டின் பரந்து விரிந்த நீர்ப்பரப்பில் தன்னந்தனியாக ஒரு —"

பரந்து விரிந்த நீர்ப்பரப்பு என்று எழுதுகிறவர்களைக் கேலி செய்தே இருபது வருடமாகப் பெயர் வாங்கியவன் நான். விட்டுவிட்டேன்.

"தண்ணீர் என்றால் அவருக்குச் சிறு வயதிலிருந்தே —"

பொய். சிறு வயதில் அவருக்குக் கடல் என்றால் சுண்டல். நாற்பத்தொன்பதாவது வயதில் முதுகு வலிக்குப் பயிற்சி தேடி யூடியூபைத் திறந்தார். அதில் எங்கோ ஒரு குளிர் தேசத்துக் கிழவர் தொட்டி மாதிரியான படகில் ஏறி, பேய்க்காற்றில் தீவு தீவாகப் போய், கூடாரம் போட்டு, முட்டை பொரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முதுகு வலி போயிற்று. வீட்டுக்கு ப்ளைவுட் வந்தது.

"அவர் வந்துவிடுவார்."

இதைத் தோளுக்குப் பின்னால் நின்று கலாவதி படித்தாள். "இது போதும். இதுக்கு மேல எழுதாத" என்றாள். இரண்டு சொல்லில் கதை எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் அவள் வாசலுக்குப் போய், எதிர்வீட்டுக் கொடியில் காயும் துணி எவ்வளவு ஆடுகிறது என்று பார்த்துவிட்டு வருகிறாள். நூறு கிலோமீட்டருக்கு அப்பால் அடிக்கிற காற்றை இந்தத் தெருத் துணியில் அளக்கிறாள். நான்காவது முறை. அதைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார முடியவில்லை.

3

படகு.

(இந்தப் பகுதி சிரிப்பாக இருக்கும். எனக்கே பிடிக்கவில்லை. ஆனால் நடந்தது.)

மூன்று மாதம் கூடத்தில் வைத்துச் செய்தார். முடித்த பிறகு பார்த்தால் வாசற்படி குறுகல். நிலையைப் பெயர்த்துதான் வெளியே எடுத்தார்கள். பாய் தைக்கத் துணி வேண்டும். தார்பாலின் கனம். பட்டில் தைக்கலாமே என்று நான் கேட்டதற்கு, பைத்தியக்காரனைப் பார்ப்பது போலப் பார்த்தார். கடைசியில் என் ஃப்ளெக்ஸ் பேனரை எடுத்துக்கொண்டார்.*

* உள்ளூர்ப் பேரவை ஒன்று எனக்கு "நகைச்சுவை நாவரசர்" என்று பட்டம் கொடுத்தது. பன்னிரண்டடி பேனரில் கும்பிட்டபடி நான். விழா முடிந்ததும் அதை வீட்டுக்கு எடுத்துவந்து, தூக்கிப் போட மனமில்லாமல் பரணில் வைத்திருந்தேன். பட்டம் வாங்குகிறவர்களைப் பற்றி நான் எழுதிய கட்டுரைகள் அதே பரணில்தான் இருந்தன. பாயாகத் தைத்தபோது பட்டத்தில் "நாவரசர்" மட்டும் மிஞ்சியது.

ஆக, காஞ்சிபுரத்துக்குப் பக்கத்துத் தென்னேரியில், ஏரி நிறைந்திருந்த நாட்களில், ஞாயிறுதோறும் என் முகம் கும்பிட்டுக்கொண்டே காற்றில் உப்பிப் போய்க்கொண்டிருந்தது. கரையில் கூடாரம் போட்டுத் தூங்கினார். ஒரு தடவை கூடாரம் பறந்துபோய்ப் பக்கத்து வயலில் உட்கார்ந்தது. இன்னொரு தடவை, கலாவதி கட்டிக்கொடுத்த கோயில் இட்லியை நாய்கள் தின்றுவிட்டு, ரோந்து வந்த போலீஸ்காரரைப் பார்த்துக் குரைத்தன. திங்கட்கிழமை தறிக்குழிக்குள் இறங்கும்போது முகமெல்லாம் சிரிப்பு. அவ்வளவுதான் சாகசம். யாருக்கும் அதில் நஷ்டமில்லை.

4

மணி ஆறு ஐம்பது. லோகேஸ்வரன் போனை எடுக்கவில்லை.

இங்கே ஒரு கயிற்றைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பாயின் கீழ்மூலையில் அது இருக்கும். இழுத்துப் பிடித்தால் பாய் காற்றை வாங்கும், படகு ஓடும். காற்று திடீரென்று ஓங்கி அடித்தால் அந்தக் கயிற்றை விட்டுவிட வேண்டும். பாய் படபடத்து அடித்துக்கொள்ளும், படகு நிமிரும். விடாவிட்டால் கவிழும். இது எனக்கே புரிந்துவிட்டது.

கலியாணசுந்தரத்தின் கைக்குத்தான் புரியவில்லை. முப்பத்தைந்து வருடம் தறியில் பாவு இழைகளை விறைப்பாகப் பிடித்து வைத்த கை. நெய்த அளவுக்கு இரண்டு விரற்கடை தளர்த்தும். அடுத்த நொடியே இழுத்து, தொடைக்குப் பக்கத்தில் இருக்கும் முளையில் கட்டிவிடும். படகிலும் அதே இடத்தில் ஒரு முளை அடித்து வைத்திருந்தார். தென்னேரியில் மூன்று முறை கவிழ்ந்தார். மூன்று முறையும் கயிறு முளையில் கட்டியது கட்டியபடி இருந்தது.

"காத்து வந்தா வுட்டுட வேண்டியதுதான மாப்ள?" என்று கேட்டேன்.

"வுடணும்னு தெரியுது மச்சான். கை வுடமாட்டேங்குது. தளந்தா இழை அறுந்துடும்னு தோணுது."

"அங்க ஏதுய்யா இழை?"

"எனக்குத் தெரியுது. கைக்குத் தெரியணுமே."

வயிறு வலிக்கச் சிரித்தேன். வீட்டுக்குப் போய் அதை ஒரு கட்டுரையாக எழுதினேன்.

5

கட்டுரையின் பெயர் "தென்னேரி மாலுமி". உள்ளூர் மாத இதழில் வந்தது. முழுவதையும் இங்கே தரமாட்டேன். கடைசி வரி இது:

"தென்னேரியில் கவிழ்ந்தால் எழுந்து நின்று வேட்டியைப் பிழிந்துகொள்ளலாம், உண்மையான மாலுமி எழுந்து நிற்க முடியாத தண்ணீருக்குப் போவான்."

அந்த வரிக்காக ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தேன். "எழுந்து நிற்க முடியாத" என்பதற்கு முன்னால் ஐந்து வேறு தொடர்களைப் போட்டு அடித்தேன். டீக்கடையில் அதைச் சொல்லிச் சிரித்தார்கள். சாயப்பட்டறையில் சிரித்தார்கள். அவரை மாலுமி என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். அவரும் சிரித்தார். "கடசி வரி சூப்பர் மச்சான்" என்று கை கொடுத்தார்.

பிறகு கேட்டார்: "அந்த மாதிரி தண்ணி கிட்டத்துல எங்க இருக்குது?"

நான், எல்லாம் தெரிந்தவன், சொன்னேன்: "பழவேற்காடு."

(அதுவும் தப்பு. படகை இறக்கிவிட்ட மீனவர் யேசுதாஸ் நேற்று ராத்திரி போனில் சொன்னார்: "பாதி ஏரி இடுப்பளவுதான் சார். எழுந்து நிக்கலாம்." அப்பாடா என்றேன். "சேறுதான் கழுத்தளவு" என்றார். முகத்துவாரத்துப் பக்கம் மட்டும் ஆழமாம், இழுப்பும் அதிகமாம். வாடைக்காற்று நாளாம். தெரியாமல் எழுதுவது ஒரு வசதி. தெரிந்த பிறகு திருத்த முடியாது என்பது அதன் விலை.)

பொங்கலுக்குத் தறி ஓடாது. குட்டி யானை வண்டியில் படகை ஏற்றிக்கொண்டு கிளம்பினார். என் முகத்தைச் சுருட்டிக் கட்டியிருந்தார். மாட்டுப் பொங்கல் ராத்திரி எட்டு மணிக்கு மணல்திட்டிலிருந்து கலாவதிக்குப் பேசினார். காற்று கூடாரத்தைத் தூக்குகிறது, கல் கிடைக்கவில்லை, துண்டில் மணலைக் கட்டி நாலு மூலையிலும் வைத்திருக்கிறேன், இட்லி நன்றாக இருக்கிறது என்றார். மறுநாள் மதியம், "கெளம்பிட்டேன்" என்றார். அதோடு போன் அணைந்திருக்கிறது.

6

முடிவுகள்.

(அ) போன் நனைந்துவிட்டது, அவ்வளவுதான். பக்கத்துக் குப்பத்தில் யார் வீட்டிலோ மீன் குழம்பு சாப்பிட்டுத் தூங்கிக்கொண்டிருக்கிறார். நாங்கள் போய் எழுப்புகிறோம். கலாவதி எல்லார் முன்னாலும் திட்டுகிறாள்.

(ஆ) மேலே சொன்னதேதான். கூடவே ஊர் திரும்பியதும் பேரவை அவருக்கு "பழவேற்காடு கொண்டான்" என்று பட்டம் கொடுக்கிறது. பன்னிரண்டடி பேனர். அந்த பேனரில் அடுத்த —

(இ)

தாளின் மேல் கலாவதியின் கை விழுந்தது.

"இன்னாத்துக்கு மூணாவது?"

"கதைன்னா எல்லாச் சாத்தியமும் —"

"உன் கதைய கொண்டாந்து என் வூட்டுல வைக்காத. ரெண்டு எழுதிட்ட இல்ல? அதுல ஒண்ண எடுத்துக்கோ."

"கலா, எழுதறதால எதுவும் நடந்துடாதும்மா."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் எழுதி நடந்ததற்காகத்தான் காருக்குக் காத்திருக்கிறோம்.

(இ) என்று போட்ட இடத்துக்குக் கீழே நாலு வரி வெற்றுக் கட்டமாகவே இருக்கிறது. அதில் என்ன எழுத நினைத்தேன் என்று உங்களுக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்.

7

ஏழு இருபதுக்கு யேசுதாஸ் பேசினார். ஸ்பீக்கரில் போட்டேன். மோட்டார் சத்தம், காற்றுச் சத்தம்.

"சார், உங்க படம் போட்ட பாய் கெடச்சிது."

கலாவதி தறியின் கட்டையைப் பிடித்துக்கொண்டாள். "ஆளு எங்கப்பா?"

"பாய் மட்டும்தாம்மா. எறா வலைக் கம்பத்துல மாட்டிக்கினு இருந்துது. மரத்தோட கட்டின பக்கம் மொத்தமா பிச்சிக்கினு வந்துருக்குது. சார் மூஞ்சில ஒரு கண்ணும் மீசையும் இருக்குது."

நான் எதையோ கேட்க வாயைத் திறந்தேன். கலாவதி போனைப் பிடுங்கினாள்.

"கீழ் மூலைல கயிறு இருக்குதா? நீலக் கலரு."

"இருக்குதும்மா. நீளமா தொங்குது."

"அது முனையப் பாரு. பிஞ்சிருக்குதா?"

மோட்டாரை அணைத்தார்கள். தண்ணீர் படகில் மோதும் சத்தம் மட்டும் கேட்டது.

"பிய்யல. அறுக்கவும் இல்ல. நெருப்புல உருக்கி வச்ச முனை அப்படியே கீது."

"முளை ஏதாச்சும் கூட வந்திருக்குதா? கட்டை மாதிரி?"

"ஒண்ணும் இல்ல. வெறுங்கயிறு."

கலாவதி மெதுவாகக் கீழே உட்கார்ந்தாள். "அவரு கட்டுற கட்டு இழுக்க இழுக்க இறுகும்பா. தானா அவுறாது. கையால அவுத்தாதான் உண்டு." பிறகு என்னைப் பார்த்து, யாருக்கோ சாட்சி சொல்வது போலச் சொன்னாள்: "அவுத்து வுட்டிருக்காருண்ணா."

"அப்பிடின்னா கவுந்திருக்கமாட்டாரும்மா" என்றார் யேசுதாஸ். "பாய் இல்லாத படகு சொம்மா மெதக்கும். காத்து அந்தாண்டக் கரைக்குத் தள்ளிக்கினு போயிருக்கும். ரெண்டு போட்டு அங்க போயிருக்குது. அந்தப் பக்கம் இடுப்பளவு தண்ணிதான் —"

"தெரியும்பா. சேறு கழுத்தளவு" என்றாள் கலாவதி. "நாங்க வந்துக்கினே இருக்கோம். நீ தேடு."

8

உண்மையைச் சொல்கிறேன். போனை வைத்த அடுத்த நிமிடம் நான் பேனாவை எடுத்துவிட்டேன். வெட்கம்தான். கை தானாக எழுதியது:

"முப்பத்தைந்து வருடம் எதையும் தளரவிடாத கை, முதல் முறையாக —"

"வேணாண்ணா."

"நல்ல வரிம்மா இது."

"அதான் வேணாங்கறேன். போன தடவயும் நல்ல வரிதான் எழுதின."

அந்த வரி அங்கேயே நிற்கிறது. நான் முடிக்கவில்லை. அவர் ஏன் விட்டார், எந்தக் காற்றில் விட்டார், விட்டபோது என்ன நினைத்தார் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி எழுதத் தெரியும். அது வேறு திறமை. அதற்குத்தான் பட்டம் கொடுத்தார்கள்.

வாசலில் ஹாரன். லோகேஸ்வரன் முகம் கழுவிவிட்டான்.

கலாவதி பீரோவைத் திறந்து ஒரு வேட்டி எடுத்தாள். பையில் வைத்தாள். நின்று யோசித்து இன்னொன்றையும் எடுத்து வைத்தாள், ஒரு துண்டும். "ஈரமாத்தான இருப்பாரு" என்றாள். என்னிடம் சொல்லவில்லை.

தாளில் இன்னும் ஒரு வரிக்கு இடம் இருக்கிறது. நான் எழுதப்போவதில்லை, காரில் வைத்தும் எழுதமாட்டேன். தாளை அவளுடைய தறி மேலேயே வைத்துவிட்டுப் போகிறேன். கடைசி வரியை நீங்கள் எழுதுங்கள். நன்றாக வர வேண்டும் என்று அவசியமில்லை. யாரும் சிரிக்க வேண்டாம். தண்ணீரை மட்டும் இடுப்பளவுக்கு வையுங்கள்.