பில்டர் போட்ட கொம்பியூட்டர்

மக்கீனுக்கு அன்று காலையிலிருந்தே இடுப்பு விட்டுப்போயிருந்தது. சம்மாந்துறை அரிசி ஆலையில் பதினாறு வருடம் நெல் மூட்டை தூக்கிய இடுப்பு. இனிப் பாரம் தூக்கினால் படுக்கைதான் என்று டாக்டர் சொன்ன பிறகு கல்முனையில் இந்தக் கடையைப் போட்டான். போன் திருத்துவது, போட்டோக்கொப்பி அடிப்பது, பாட்டும், பயான் என்கிற மார்க்கச் சொற்பொழிவும் ஏற்றிக் கொடுப்பது. உட்கார்ந்தாலும் வலி, எழும்பினாலும் வலி.

வலியைவிடப் பெரிய தொல்லை வைரஸ். வருகிறவனெல்லாம் ஒரு பென் டிரைவைக் கொண்டுவந்து சொருகுவான். அதிலிருப்பது கொம்பியூட்டருக்குள் போய் அடுத்தவனின் பென் டிரைவிலும் ஏறும். அந்த மாதம் மட்டும் இரண்டு தரம் கொம்பியூட்டர் படுத்துவிட்டது. பக்கத்தில் மணிக்கூடு திருத்தும் பாண்டிருப்புத் தனஞ்சயன், "உன்ட கடைக்கு வந்தா மனிசருக்கும் காய்ச்சல் வரும்டா" என்று ஆட்கள் முன்னாலேயே சொல்லிச் சிரித்தான்.

அதற்காகத்தான் மக்கீன் அன்று மத்தியானம் பில்டர் டிரைவர் ஒன்றை இறக்கிப் போட்டான். பென் டிரைவுக்கும் கொம்பியூட்டருக்கும் நடுவில் காவல் நிற்கும் சின்ன மென்பொருள் அது. போடும்போது ஆங்கிலத்தில் நாலைந்து கேள்வி கேட்டது. மூட்டை தூக்கியவனுக்கு அவ்வளவு ஆங்கிலம் எங்கே? காவல் கூடினால் நல்லதுதானே என்று எல்லாப் பெட்டியிலும் சரி போட்டான்.

அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு சரீப் வந்தார். மக்கீன் அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடுகிறவர், அவனோடு ஒரே ஆலையில் மூட்டை தூக்கியவர். ஐம்பத்தெட்டு வயதிலும் தூக்குகிறவர். தோளில் தவிடு ஒட்டியபடியே வந்து, பற்றரி ஊதி முதுகு பிளந்த போனை மேசையில் வைத்தார்.

"இது இனிச் சரிவராது காக்கா. வெடிச்சாலும் வெடிக்கும்."

"அப்பிடிச் சொல்லாத. உள்ளுக்கு மகள் இரிக்காள்."

சரீபின் மகள் றாபியா குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போனவள். இரண்டு வருடம் இருந்தாள். மூன்று மாதத்துக்கு முன் அங்கேயே மௌத்தானாள். அங்கேயே அடக்கியும் விட்டார்கள். ஊருக்கு வந்தது ஒரு கடுதாசிதான். அவள் அனுப்பிய நாற்பத்தொரு குரல் செய்திகள் அந்தப் போனில் கிடந்தன.

"கடைசியா அனுப்பினத நான் முழுக்கக் கேக்கல்ல," என்றார் சரீப். "அவள் வேல செஞ்ச வீட்டுக்காரி நோன்பு பிடிக்க விடல்லயாம். ரெண்டு றமழான்லயும் எத்தின நோன்பு விட்டுப்போச்சி எண்டு எண்ணிச் சொல்றன் எண்டுறாள். ஊருக்கு வந்து, விட்டதத் திருப்பிப் பிடிச்சிக் களா வெக்கணும் வாப்பா, மறந்தா ஞாபகப்படுத்துங்க எண்டுட்டு எண்ண வெளிக்கிடுறாள். அதோட நிப்பாட்டிருவன். அங்கால கேக்க ஏலாம இரிக்கி. மனசு கொஞ்சம் ஆறினா மறுகா கேட்டு, அந்த எண்ணிக்கைக்கு நான் வெச்சிக் குடுப்பன். அது அவள்ட கடன்டா."

"எல்லாத்தையும் பென்ல ஏத்தித் தாறன். இதத் தந்துட்டு வேற நல்ல போன் ஒண்டு கொண்டுபோங்க."

நாற்பத்தொன்றும் ஏறின. வந்தவர் கண்முன்னே திறந்து காட்டுவது கடை வழக்கம். கடைசிச் செய்தியைத் தட்டினான். "வாப்பா, இந்த நோன்புலயும் எனக்கு…" என்று றாபியாவின் குரல் வந்ததும் நிறுத்திவிட்டான். ஒரு மகள் வாப்பாவுக்குச் சொன்னதை இன்னொருவன் இருந்து கேட்பது முறையில்லை. சரீப் முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

பிறகு போனை அழித்தான். பெண்பிள்ளைகள் உள்ள வீட்டுப் போனைக் கல்முனையில் யாரும் சும்மா கைமாற்ற மாட்டார்கள். படங்கள் வெளியே போய்விடும் என்ற பயம். மக்கீனின் கடைக்குப் பேர் வந்ததே இதில்தான். ஒருதரம் அழிப்பான். பழைய கிரிக்கெட் ஆட்டம் ஒன்றை இடம் நிரம்பும்வரை திரும்பத் திரும்ப ஏற்றுவான். மறுபடி அழிப்பான். அதற்குமேல் எந்தக் கொம்பன் தோண்டினாலும் ஒன்றும் கிடைக்காது.

"இனி ஆராலயும் எடுக்க ஏலா காக்கா."

சரீப் தலையாட்டினார். பென் டிரைவைச் சாரத்தின் மடியில் வைத்துச் சுருட்டி இறுக்கிக்கொண்டு போனார்.

அடுத்த இரண்டு நாளும் மக்கீனை இடுப்பு எழும்பவிடவில்லை. கடை பூட்டிக் கிடந்தது. மூன்றாம் நாள் திறந்தபோது சரீப் வாசலில் நின்றார்.

"மக்கீன், இதுல ஒண்டும் இல்லயாமே. மருமகன்ட டீவில போட்டுப் பாத்தம்."

மக்கீன் சொருகினான். வெறுமையாக இருந்தது. வேறொரு பென் டிரைவை எடுத்து ஒரு பாட்டை ஏற்றினான். பாடியது. கழற்றி மறுபடி சொருகினான். பாட்டைக் காணவில்லை.

அப்போதுதான் அவனுக்கு விளங்கியது. அவன் சரி போட்ட பெட்டிகளில் ஒன்று, பென் டிரைவில் எதையும் எழுதவிடாமல் தடுப்பது. ஏற்றுகிற எல்லாவற்றையும் பில்டர் தானே வாங்கி வைத்துக்கொண்டு, ஏறிவிட்டது போலவே காட்டும். கழற்றியதும் கொட்டிவிடும்; கொம்பியூட்டரிலும் ஒன்றும் மிஞ்சாது. அன்று அவன் போட்டுக் காட்டிய குரல் பென் டிரைவிலிருந்து வரவேயில்லை.

பென் டிரைவ் பழுது என்று சொல்லியிருக்கலாம். சரீப் நம்பியிருப்பார். சொல்லத்தான் வாயைத் திறந்தான்.

"பிழை என்ட காக்கா. நான் போட்ட சாமானாலதான் போயிட்டு."

"போன்ல இரிக்கும்தானே?"

"அத நான்தானே அழிச்ச."

"நெட்டுல?"

"ஏத்தி வெக்கல்ல காக்கா. பாத்தனான். குவைத்துல அவள்ட போன்?"

"அத அவனுகள் அனுப்பவே இல்ல."

சரீப் வாங்குப் பலகையில் உட்கார்ந்தார். பகிடி பேசிச் சிரிக்க எட்டிப்பார்த்த தனஞ்சயன் இரண்டு முகத்தையும் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனான். போய் ஒரு பால் தேத்தண்ணி வாங்கிவந்து சரீபின் பக்கத்தில் வைத்தான். அது ஆடை கட்டும்வரை அவர் தொடவில்லை.

"நீ போட்டயே," என்றார். "எண்ணிக்கை வந்ததா?"

"வர முந்தி நிப்பாட்டிட்டன்."

"நானும் அப்பிடித்தான்டா. எத்தின தரம் போட்டன். எல்லாத் தரமும் அந்த இடத்துலயே நிப்பாட்டினன்."

அவர் விரல்களை மடக்கி எதையோ எண்ணத் தொடங்கி, விட்டுவிட்டார்.

"ரெண்டு றமழான். முப்பதும் முப்பதும் அறுபது. அவள் பிடிச்சதும் இரிக்கும் அதுக்குள்ள. இரிந்துட்டுப் போகட்டும். கூடினாப் பரவாயில்ல, குறையக்கூடா. அறுபதும் வெப்பன்."

அறுவடைக் காலம். ஆலையில் மூட்டை மலையாகக் குவிந்திருந்தது.

"முப்பத எனக்குத் தாங்க காக்கா. நீங்க சம்மதிச்சா நான் வெக்கலாம்."

"இடுப்பு ஏலாதவன் நீ."

"நோன்பு இடுப்பாலயா பிடிக்கிற?"

சரீப் சிரிக்கவில்லை. எழும்பி, வெறும் பென் டிரைவை மறுபடி மடியில் வைத்துச் சுருட்டினார்.

"வை. ஆனா அத எனக்கிட்ட வந்து எண்ணிச் சொல்லிட்டு நிக்காத."

பில்டரை மக்கீன் அன்றே கழற்றிவிட்டான். திங்களும் வியாழனும் நோன்பு பிடிக்கிறான். சரீப் இப்போது கடைப்பக்கம் வருவதில்லை. பள்ளிவாசலில் கண்டால் ஸலாம் சொல்லுவார், அவ்வளவுதான். நேற்றோடு பதினொன்று முடிந்தது. றாபியாவுக்கு மக்கீன் இன்னும் பத்தொன்பது நோன்பு கடன்.