வெர்லீன் ஸ்டக்கியின் இறங்காத பந்துகள்

வெர்லீன் ஸ்டக்கி போட்டிகளில் எறிந்த பந்துகளில் இருபத்திமூன்று இன்னும் கீழே இறங்கவில்லை. அவள் ஊரான டாப்ஸ் கிராசிங்கின் மைதானத்துக்கு மேலே ஒன்பது நிற்கின்றன. டல்சாவில் எட்டு. கனெக்டிகட்டில் இருக்கும் ஒன்று இப்போது ஒரு டயர்க் கடையின் கார் நிறுத்துமிடத்துக்கு மேலே வந்துவிட்டது. பந்து நகரவில்லை, மைதானத்தைத்தான் விற்றுவிட்டார்கள். மீதி ஐந்தும் அவள் பஸ்ஸில் போய் ஆடிய ஊர்களில் ஊருக்கொன்றாக இருக்கின்றன. பூச்சிமருந்து தெளிக்கும் விமானக்காரர்கள் ஒருமுறை புகார் கொடுத்தார்கள். அரசாங்கத்திலிருந்து ஒருவர் வந்து, நாடா பிடித்து அளந்து, இவ்வளவு தாழ்வாகப் பறப்பவனுக்குப் பந்து இடித்தால் அது அவன் பாடு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

முதல் பந்து 1971 மே மாதம், மெதடிஸ்ட் சபைப் பெண்களும் பாப்டிஸ்ட் சபைப் பெண்களும் மோதிய ஆட்டத்தில் மேலே போனது. வெர்லீனுக்கு அப்போது பதினேழு வயது, செருப்பு அளவு பத்து, மெதடிஸ்ட். சாஃப்ட்பாலில் பந்தை இடுப்புக்குக் கீழிருந்துதான் எறிய வேண்டும். கை காற்றாலை மாதிரி ஒரு முழுச் சுற்று சுற்றி வர, பந்து தொடையை உரசிக்கொண்டு கிளம்பும். அன்று கிளம்பிய பந்து நேராகப் போய், மட்டையோடு நின்ற பாப்டிஸ்ட் பெண்ணின் மூக்குக்கு முன்னால் மேல்நோக்கித் திரும்பி, முப்பது அடி உயரத்தில் போய் நின்றது. வியாழக்கிழமை வரை அங்கேயே சுழன்றுகொண்டிருந்தது; பிறகு சுழற்சியும் நின்றுவிட்டது. அம்பயர் நாற்பது நிமிடம் அண்ணாந்து பார்த்தபடி காத்திருந்தார். வீட்டிலிருந்து கொண்டுவந்த உருளைக்கிழங்கு சாலட் வெயிலில் ஒரு மாதிரி வாடை வீசத் தொடங்கியதும், அந்த ஆட்டம் முடியவில்லை என்று எழுதிவிட்டு எல்லாரும் கலைந்தார்கள். அந்த ஞாயிறு பாப்டிஸ்ட் போதகர் ஆண்டவர் பரமேறியதைப் பற்றி ஒன்றேகால் மணி நேரம் பேசினார். மெதடிஸ்டுகளுக்கு விளம்பரம் ஆகிவிடக் கூடாது என்று பந்தைப் பற்றி வாயே திறக்கவில்லை.

இதில் வெர்லீனுக்குப் பெருமை எதுவும் இருக்கவில்லை, எரிச்சல்தான் இருந்தது. மட்டைக்காரியின் முழங்காலுக்கும் அக்குளுக்கும் நடுவே வருவது நல்ல பந்து, ஸ்ட்ரைக். மூன்று ஸ்ட்ரைக் ஆனால் அவள் அவுட். அதை விட்டு விலகினால் கெட்ட பந்து. நாலு கெட்ட பந்து போட்டால் அவள் சிரித்துக்கொண்டே முதல் பேஸுக்கு நடந்து போகலாம். மூன்று பேஸையும் சுற்றி, மட்டை பிடித்த இடத்தில் கிடக்கும் வீட்டுத் தட்டை மிதித்தால் ஒரு ரன். முப்பது அடி உயரத்தில் நிற்கும் பந்து எந்தக் கணக்கில் பார்த்தாலும் அக்குளைத் தாண்டியதுதான். அது எப்போது நடக்கும் என்று அவளுக்கே தெரியாது. தோளும் இடுப்பும் மணிக்கட்டும் சண்டை போடாமல் ஒன்றாகச் சேரும் எறி ஆயிரத்தில் ஒன்று வாய்க்கும். அதுதான் போய் மேலே நின்றுகொள்ளும். ஆக, அவளுடைய மிக நல்ல பந்து ஒவ்வொன்றும் கெட்ட பந்து என்றே எழுதப்பட்டது. மற்றவற்றை வைத்துக்கொண்டு அவள் ஜெயித்தாள்.

1975ல் டுவேன் கிரைட்டரைக் கல்யாணம் செய்துகொண்டாள். டுவேன் பண்ணைகளுக்குத் தண்ணீர் பம்பு விற்பவன், நல்லவன், எல்லாம் தரையோடு இருக்க வேண்டும் என்று நினைப்பவன். கல்யாணத்தில் அவள் தோளுக்குப் பின்னால் எறிந்த பூச்செண்டு ஒழுங்காகக் கீழே விழுந்ததைப் பார்த்து அவன் கண்கலங்கினான். அடுத்த வருஷமே பெண்களுக்குத் தொழில்முறை லீக் ஒன்று தொடங்கியது. டல்சா மெத்தைக் கடைக்காரர் கிளீட்டஸ் பிராம்லெட் ஒரு அணியை வாங்கி, கடைக்கு விளம்பரமாக இருக்கட்டும் என்று அதற்கு ஸ்லீப்பர்ஸ் என்று பெயர் வைத்தார். தூங்குமூஞ்சிகள் என்று முதல் நாளே கூட்டம் கத்தியது. சட்டையின் முதுகில் தலையணை படம் போட்டிருந்தது. பிராம்லெட்டுக்கு ஆட்ட விதிகள் பாதிதான் தெரியும், ஆனால் கூட்டம் எதற்கு வருகிறது என்பது முழுதாகத் தெரியும். வாரத்துக்கு ஒரு பந்தாவது மேலே நிற்க வேண்டும் என்பது அவர் ஆசை. "ஜெயிக்கிறதுக்கு எவ வேணும்னாலும் இருக்காம்மா," என்பார், "தொங்கவிடுறதுக்கு நீ ஒருத்திதான்." வெர்லீன் அவரைப் பார்க்காமல் கையில் வியர்வைக்கான பொடியைத் தேய்த்துக்கொண்டு போய்விடுவாள்.

அவள் பந்தைப் பிடிக்க வந்தவள் ஓபி. முழுப் பெயர் ஒபீலியா பெனவிடெஸ், டெக்சஸ் மாநிலத்து சான் ஆஞ்சலோக்காரி, குளிர்காலத்தில் வெல்டிங் வேலை. கேட்சர் உட்காருவது மட்டைக்காரியின் முதுகுக்குப் பின்னால். கை பந்தைப் பிடிக்கும், வாய் சும்மா இருக்கும். ஓபியின் வாய் சும்மா இருக்காது. சூரியகாந்தி விதைகளைத் துப்பிக்கொண்டே மட்டைக்காரிகளின் தலைமுடி, மாமியார், நடை, பல் எல்லாவற்றையும் பற்றி அன்பாக விசாரிப்பாள். அவள் பேச்சைக் கேட்டு அழுதவர்கள் உண்டு. சமையல் குறிப்பு வாங்கிப் போனவர்களும் உண்டு. வெர்லீன் நாளுக்குப் பத்து வார்த்தை பேசுபவள். பஸ்ஸில் நாலு வருஷம் இருவரும் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் போனார்கள். மீதி வார்த்தைகளை ஓபி பேசிக்கொண்டாள்.

லீக்காரர்கள் தொங்கும் பந்துக்கென்று தனி விதி எழுதினார்கள்: மேலே போய்த் திரும்பாத பந்து கெட்ட பந்து, ஆட்டம் நிறுத்தப்பட்டு வேறு பந்து கொடுக்கப்படும். மட்டையைச் சுழற்றித் தவறவிட்டால் எந்தக் கெட்ட பந்தும் ஸ்ட்ரைக்தான்; தொங்கும் பந்துக்கு மட்டைக்காரி அப்படிச் சுழற்றினால் என்ன செய்வது என்று எழுதவில்லை. அப்படி ஒருத்தி பிறந்திருப்பாள் என்று யாருக்கும் தோன்றவில்லை.

பிறந்திருந்தாள். எர்னா குபியாக், செயின்ட் லூயிஸ் அணி, நூற்றுத் தொண்ணூறு பவுண்டு. 1979 செப்டம்பர், டல்சா, கோப்பை ஆட்டத்தின் கடைசிச் சுற்று. ஸ்லீப்பர்ஸ் ஐந்து ரன், செயின்ட் லூயிஸ் இரண்டு. இரண்டு பேர் அவுட், மூன்று பேஸிலும் ஆள், எர்னாவுக்கு மூன்று கெட்ட பந்து, இரண்டு ஸ்ட்ரைக். இன்னும் ஒரு ஸ்ட்ரைக் விழுந்தால் மூன்றாவது ஆளும் அவுட், கோப்பை. கெட்ட பந்தானாலும் எர்னா முதல் பேஸுக்கு நடக்க, மற்றவர்கள் ஒரு பேஸ் நகர்ந்து ஒரே ஒரு ரன்தான் போகும், குடி முழுகாது. வெர்லீன் கையைச் சுற்றத் தொடங்கியதுமே தோளும் இடுப்பும் மணிக்கட்டும் ஒன்றாகச் சேர்வது அவளுக்குத் தெரிந்துவிட்டது. நிறுத்த முடியாது. கை பாதிச் சுற்றில் இருந்தது. ஓபிக்கும் தெரிந்துவிட்டது, அவள் அந்தக் கையை நாலு வருஷமாகப் பார்க்கிறவள்.

"எர்னா கண்ணு," என்றாள் ஓபி, முகக்கூண்டுக்குள்ளிருந்து, மிக மெதுவாக. "நின்னு வேடிக்கை பாத்து நடந்து போகத்தானே போற? போ. உங்க ஊர்ல அப்படித்தான் சொல்லிக்கறாங்களாம். குபியாக் பொண்ணுக்கு உடம்புதான் பெருசு, சுத்துறதுக்குப் பயம்னு."

எர்னா சுழற்றினாள். தலைக்கு மேலே, கண்ணை மூடிக்கொண்டு, கொசு அடிப்பவள் மாதிரி. அம்பயர் ஹோமர் லிண்ட்கிரென் வலது கையை உயர்த்தி, "ஸ்ட்ரைக் மூணு!" என்று கத்தினார். கூட்டம் எழுந்தது. பிராம்லெட் பக்கத்திலிருந்த செய்தித்தாள்காரரை முத்தமிட்டார். அப்போதுதான் செயின்ட் லூயிஸ் பயிற்சியாளர் பழைய விதிப்புத்தகத்தை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தார். "புடிக்கலையே! மூணாவது ஸ்ட்ரைக்க கேட்சர் புடிக்கலையே! ஓடுங்கடி எல்லாரும்!"

அது உண்மை. மூன்றாவது ஸ்ட்ரைக் பந்தைக் கேட்சர் பிடிக்காவிட்டால் மட்டைக்காரி ஓடலாம். பந்து பதின்மூன்று அடி உயரத்தில் அமைதியாக நின்றுகொண்டிருந்தது. பேஸ்களில் நின்ற மூவரும் ஒவ்வொருவராக வீடு வந்து சேர்ந்தார்கள். எர்னா, மூச்சு வாங்க, முதல் பேஸைத் தாண்டி இரண்டாவதுக்குத் திரும்பினாள். ஓபி குதித்தாள், முகக்கூண்டைக் கழற்றிவிட்டு மறுபடி குதித்தாள். ஸ்கோர் பலகைக்கு அருகிலிருந்து இரண்டு பேர் ஏணியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். எர்னா மூன்றாவது பேஸில் சற்று நின்று இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். ஓபி ஏணியில் ஏறிப் பந்தைப் பிடித்தாள். பந்து அசையவில்லை. இரண்டு கையாலும் இழுத்தாள். ஏணி சாய்ந்து விழுந்தது. எர்னா வீட்டுத் தட்டை நோக்கி வந்தபோது, ஓபி பந்தைப் பிடித்துத் தொங்கியபடி, காலால் அவள் தலையைத் தொட முயன்றுகொண்டிருந்தாள். பந்து இருக்கும் கையால் தொட்டால்தான் அவுட், உதைத்தால் ஆகாது என்று லிண்ட்கிரென் கீழிருந்து மரியாதையாகத் தெரிவித்தார். எர்னா தட்டை மிதித்தாள். ஆறுக்கு ஐந்து. ஸ்லீப்பர்ஸ் அதற்குப் பிறகு மட்டை பிடித்து மூன்று பேரும் அவுட் ஆனார்கள். அதை யாரும் பார்க்கவில்லை, எல்லாரும் ஓபியை இறக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

உடை மாற்றும் அறையில் வெர்லீன் அந்த மாதத்துக்கான வார்த்தைகள் அத்தனையையும் பேசினாள்.

"நடந்து போயிருப்பாடி அவ. ஒரு ரன். ஒரே ஒரு ரன். அடுத்தவள நான் முடிச்சிருப்பேன். உன் வாய வெச்சுக்கிட்டு உன்னால சும்மா இருக்க முடியாதா? இதுக்குத்தானா நாலு வருஷம் ஒரே பஸ்ல வந்தோம்?"

ஓபி ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாமல் இருந்ததை அணியில் யாரும் அதற்குமுன் பார்த்ததில்லை. ஒருத்தி டாக்டரைக் கூப்பிடலாமா என்று கேட்டாள்.

அந்தக் குளிர்காலத்தில் லீக் மூடப்பட்டது. பிராம்லெட் மெத்தைக்கே திரும்பினார். வெர்லீன் ஊருக்கு வந்து பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியை ஆனாள். ஆண்பிள்ளைகள் அவளைக் கண்டு பயந்தார்கள், பெண்பிள்ளைகள் அவளைப் போலவே நடக்கத் தொடங்கினார்கள். டுவேன் இரண்டு வருஷம் பொறுத்தான். "நீ வீட்லதான் இருக்க வெர்லீன், ஆனா இங்க இல்ல," என்றான் ஒருநாள் காலை, முட்டையைப் பார்த்துக்கொண்டே. "ஜன்னல் வழியா ரோட்டையே பாத்துட்டு இருக்க. யாரு வரணும்னு கேட்டா கோவப்படுற." அமரில்லோவில் ஒரு பல் டாக்டரின் உதவிக்காரி அவனை நன்றாகப் பார்த்துக்கொள்வாள் என்று தெரிந்ததும் இருவரும் சண்டையில்லாமல் பிரிந்தார்கள். பம்பை மட்டும் விட்டுப் போனான், நல்ல பம்பு.

1982 ஏப்ரலில், புழுதிக்காற்று அடித்த ஒரு சனிக்கிழமை மத்தியானம், வெல்டிங் சாமான் ஏற்றிய பிக்கப் வண்டி ஒன்று வெர்லீன் வீட்டு வாசலில் வந்து நின்றது. ஓபி இறங்கினாள். கதவருகே வந்தும் தட்டவில்லை. வெர்லீன் கம்பிவலைக் கதவுக்கு அந்தப் பக்கம் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தாள்.

"வாய் எங்கயோ தொலைஞ்சு போச்சுன்னு கேள்விப்பட்டேன்," என்றாள் வெர்லீன்.

"ரெண்டரை வருஷமா மூடித்தான் வெச்சிருந்தேன். இன்னிக்குத் தொறக்கலாம்னு வந்தேன்." ஓபி சட்டைப்பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்துக் கம்பிவலையில் ஒட்டினாற்போல் பிடித்தாள். கோப்பை ஆட்டத்தின் ஸ்கோர் தாளின் நகல். எர்னாவின் கட்டத்தில், அம்பயர் லிண்ட்கிரென்னின் ஆட்கள் பேனாவால் எழுதியிருந்தார்கள்: ஸ்ட்ரைக்.

"எதுக்கு இது?"

"நீ எறிஞ்சதுலயே நல்ல பந்து இருபத்திரெண்டு. எல்லாத்தையும் கெட்ட பந்துன்னு எழுதினானுங்க. எல்லாத்தையும். நீ தலையக் குனிஞ்சுக்கிட்டு வேற பந்து வாங்கிப்ப. அத உக்காந்து பாக்கறது யாரு? நான். ஒரு தடவையாவது அந்த ஆளு கையத் தூக்கி, ஸ்ட்ரைக்னு கத்தணும்டி. அவ்வளவுதான் நெனச்சேன். அதுக்கப்புறம் என்ன ஆகும்னு நெனைக்கல. அது என் தப்பு."

வெர்லீன் தாளை வலை வழியாகவே படித்தாள். ஒரு வார்த்தைதான் என்றாலும் நெடுநேரம் படித்தாள். காற்றில் ஓபியின் கண்ணிலும் வாயிலும் மண் விழுந்தது. அவள் தாளை எடுக்கவில்லை.

"நாலு ரன் குடுத்துட்டு," என்றாள் வெர்லீன்.

"நாலு ரன் குடுத்துட்டுதான்."

"தொங்கிக்கிட்டு உதைச்சியே, கழுத."

"எட்டலடி. இன்னும் ரெண்டு அங்குலம் கால் இருந்திருந்தா..."

வெர்லீனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும் கூடவே வந்தது. இரண்டையும் ஒரே புறங்கையால் துடைத்துக்கொண்டாள். பிறகு கதவைத் திறந்து, "சாப்பிட்டியா?" என்று கேட்டாள்.

ஓபி அந்த வாரம் போகவில்லை, அடுத்த வாரமும் போகவில்லை. வெல்டிங் பட்டறை வைத்தாள். டாப்ஸ் கிராசிங்கில் உடையாத கேட் எல்லாம் அவள் ஒட்டியதுதான். இரண்டு பெண்கள் ஒரே வீட்டில், ஒரே பிக்கப்பில், ஒரே வங்கிக் கணக்கில் இருப்பதைப் பற்றி ஊர் கொஞ்ச நாள் யோசித்தது. போதகரும் ஏதோ சொல்லப் போவதாக இருந்தது. ஆனால் சபை மண்டபத்து ஹீட்டரைப் பழுதுபார்க்க ஓபியை விட்டால் ஆளில்லை, அது ஜனவரி மாதம். அதன்பின் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகள் இருவர் பெயருக்கும் சேர்ந்தே வரத் தொடங்கின.

2003 இலையுதிர்காலத்தில் ஒரு திங்கட்கிழமை, காற்று கொல்லைப்புறத்துத் துணிக்கொடியின் கிழக்குக் கம்பத்தைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. ஓபி ஈரப் போர்வைகளை அணைத்துக்கொண்டு நின்று, காற்றையும் கம்பத்தையும் அதை நட்டவளையும் திட்டிக்கொண்டிருந்தாள். நட்டவள் அவளேதான்.

"வெர்லீன்! ஒரு கம்பம் வேணும், இங்க! வா சீக்கிரம், கை ஒடியுது!"

வெர்லீனுக்கு அப்போது நாற்பத்தொன்பது வயது, தோளில் இரண்டு அறுவைசிகிச்சை நடந்திருந்தது. வீட்டுக்குள்ளிருந்து ஒரு பழைய பந்தோடு வந்து, செருப்புக் காலோடு நின்று, கையை ஒரு சுற்றுச் சுற்றினாள். வேண்டும்போது வராத எறி இந்த ஒருமுறை வந்தது. பந்து கொல்லையைக் கடந்து போய், ஏறத் தொடங்கி, பழைய வலு இல்லாததால் ஆறடி உயரத்திலேயே நின்றது. ஓபி அதன் பக்கத்தில் போய் நின்று, கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தாள்.

"கொஞ்சம் இடது பக்கமாப் போட்டிருக்கலாம்," என்றாள். பிறகு கயிற்றைப் பந்தில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டு, போர்வைகளை ஒவ்வொன்றாக உலர்த்தத் தொடங்கினாள்.