சுவரில் தொங்கும் ஆள்

விடியுமுன்பே பால்சாமி சீமைக்கருவேல விறகை உலைவாயில் தள்ளிக்கொண்டிருந்தான். முகம் வெந்தது, முதுகில் மண்டபத்துக் கடல்காற்று குளிர்ந்தது. நண்டு அவிக்கும் கம்பெனியில் பாய்லர்காரன் பிழைப்பு இந்த இரண்டுக்கும் நடுவில்தான். விறகெடுத்துக் கொடுக்க இன்று பக்கத்தில் ஆளில்லை. கொடுத்துக்கொண்டிருந்த கிளாட்சன் செத்து எட்டு நாளாகிறது.

பால்சாமியிடம் இருந்தது இரண்டாம் வகுப்புச் சான்றிதழ். பழைய சின்ன பாய்லருக்கு அது போதும். போன ஆனியில் முதலாளி மூன்று மடங்கு பெரிய பாய்லரை இறக்கினார். அதை ஓட்ட முதல் வகுப்பு வேண்டும். ஆள் வரவில்லை. தூத்துக்குடிக்காரர் ஒருவரின் சான்றிதழைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டினார்கள். அதிகாரி வரும் நாளில் அந்த மனிதர் பஸ்ஸில் வந்து, காக்கிச் சட்டை மாட்டி நிற்பார். பால்சாமி விறகுக் குவியலுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்வான். எந்தப் பாய்லரானாலும் நான் ஓட்டுவேன் என்ற வீறாப்பும் அவனுக்கு இருந்தது. பாழாய்ப்போன வீறாப்பு!

கிளாட்சன் செத்த அன்று, நண்டு ஏற்ற லாரி காத்து நின்றது. "பிரஷர இன்னும் ஏத்து" என்றார் முதலாளி. அளவுக்கு மேல் ஏற்றினான். நீராவிக் குழாய் பிளந்தது. எதிரே நின்றவன் கிளாட்சன். எட்டே நாளில் குழாயை ஒட்டி, அதே பாய்லரை மறுபடி மூட்டச் சொல்லிவிட்டார்.

ஏழு மணிக்கு முதலாளி ஒரு தாளோடு வந்தார்.

"நாளைக்கு ஆபீசர் வாராரு. கையெழுத்துப் போடு."

கிளாட்சன் குடித்துவிட்டுத் தானாக வால்வைத் திருகினான் என்று அதில் எழுதியிருந்தது.

"அவன் குடிக்கவே மாட்டான், மொதலாளி. இதுல போட்டா அவன் பொஞ்சாதிக்கு நஷ்டஈடு கெடைக்காதே."

"போடலைன்னா பெரிய பாய்லரத் தொட்டது யாருன்னு நான் சொல்லுவேன். லைசென்சும் போகும், நீயும் உள்ள போவ."

"தொடச் சொன்னது யாரு?"

"அதுக்கு எங்கய்யா தாளு இருக்கு?"

பால்சாமி உலையிலிருந்த கொள்ளிகளை ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டுத் தண்ணீர் ஊற்றினான். பிறகு வாசலுக்கு நடந்தான்.

நண்டு உடைக்கும் பெண்கள் நாற்பது பேர் வேலைக்கு நின்றிருந்தார்கள். அவர்களில் கிளாட்சன் மனைவி ஆஸ்லினும் இருந்தாள். துக்கம் காக்க வயிறு விடவில்லை.

"தாயி, அந்தப் பாய்லருக்கு எனக்கு லைசென்ஸ் இல்ல. தெரிஞ்சேதான் ஓட்டுனேன். அளவு மீறி ஏத்துனதும் நாந்தான். கிளாட்சன் எதையும் தொடல. நாளைக்கு ஆபீசர்ட்டயும் இதத்தான் சொல்லப்போறேன்."

ஆஸ்லின் அவனையே பார்த்தாள்.

"பெரிய பாய்லரு வந்த அன்னைக்கே சொல்லியிருந்தா எம்புள்ளைகளுக்கு அய்யா இருந்திருப்பாகளேண்ணே."

பால்சாமி எல்லார் முன்னாலும் நின்று அழுதான்.

"நேரமாச்சு, உள்ள வாங்க!" என்று முதலாளி கத்தினார்.

முன்னால் நின்ற காலிதா நகரவில்லை. "மொத வகுப்பு ஆளு வந்து நின்னாத்தான் வருவோம். செவுத்துல தொங்குற ஆளு வேணாம்" என்றாள். சொல்லிவிட்டு மணலில் உட்கார்ந்தாள். ஒவ்வொருவராக நாற்பது பேரும் உட்கார்ந்தார்கள்.

பால்சாமி தள்ளியே நின்றான். அவர்களோடு உட்காரத் தனக்கு அருகதை இல்லை என்று பட்டது. ஆஸ்லின் அவனை மன்னிக்கவில்லை, அவன் முகத்தைப் பார்க்கவும் இல்லை. ஆனால் சேலையை இழுத்துக்கொண்டு கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டுச் சொன்னாள்:

"எம்புட்டு நேரம் நிப்பீக? இங்கன உக்காருங்க. நாளைக்கு நீங்க பேசணும்."