மனைவி பெயர் எழுதும் கட்டம்

என் தம்பி விஜயன் திங்கட்கிழமை சாயங்காலம் செத்துப்போனான். டெய்ரி ஃபார்ம் இறக்கத்தில் மழை, ஸ்கூட்டர், எதிரே ஒரு லாரி. முப்பத்திநாலு வயது. செவ்வாய்க்கிழமை காலை ஆபீஸ் திறக்கும் நேரத்துக்கு நான் பெர்மிட் கவுண்டர் முன்னால் நின்றேன். கையில் ஃபைல், ஃபைலில் எல்லாவற்றுக்கும் மூன்று ஜெராக்ஸ். துக்கம் என்று ஒன்று எங்கேயோ இருக்க வேண்டும், எனக்குத் தட்டுப்படவில்லை. பதினாறு வருஷம் அரசாங்கக் குமாஸ்தாவாக இருந்தால் இப்படித்தான் ஆகும் போலிருக்கிறது.

எனக்கு இருந்தது ஒரே வேலை. அவன் முகத்தை அவன் பெண்டாட்டி கடைசியாக ஒருமுறை பார்க்க வேண்டும். அவள் சென்னையில், பெரம்பூரில் ஒரு மாடி அறையில் இருக்கிறாள். போர்ட் பிளேருக்கு விமானத்தில் இரண்டரை மணி நேரம்கூட ஆகாது. வேறு யாராக இருந்தாலும் அடுத்த விமானத்தில் ஏறியிருப்பார்கள். வென்ஜிங் ஏற முடியாது. அவளுடையது சீனா பாஸ்போர்ட். வெள்ளைக்காரர்கள் கடலில் குளிக்க வந்து இறங்குகிற இதே தீவுக்கு, சீனா பாஸ்போர்ட்டோடு வர வேண்டுமானால் டெல்லி தனியாக அனுமதி தர வேண்டும். அந்த அனுமதிக்கு நாங்கள் மனுப் போட்டுப் பதினாலு மாதம் ஆகிறது.

கவுண்டரில் இருந்த பெங்காலிக்காரருக்கு என்னைத் தெரியும். விஜயனையும் தெரியும். முந்தின நாள்தான் அவன் வேலை பார்க்கிற ஹட் பேயிலிருந்து கப்பலில் வந்து இதே கவுண்டரில் நின்று மனு என்னவாயிற்று என்று கேட்டிருக்கிறான். கேட்டுவிட்டு என் வீட்டுக்குத் திரும்பும் வழியில்தான் அந்த இறக்கம்.

"தீதி, கல் ஹீ தோ ஆயா தா," என்றார் அவர். நேற்றுத்தானே வந்தான் என்று. அவசர மனுவாகப் போட்டால் எத்தனை நாள் ஆகும் என்று கேட்டேன். பத்து நாளும் ஆகலாம், ஒரு மாதமும் ஆகலாம், பழைய ஃபைலில் டெல்லி கேட்ட கேள்வி அப்படியே நிற்கிறதே என்றார்.

அந்தக் கேள்வியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அது வந்ததற்குக் காரணம் நான்தான்.

விஜயன் டாக்டருக்குப் படித்தது சீனாவில், குன்மிங் நகரத்தில். அங்கே வெளிநாட்டு மாணவர்களின் விசாவையும் தங்கும் அனுமதியையும் கவனிக்கிற அலுவலகத்தில் வென்ஜிங் குமாஸ்தா. வருஷா வருஷம் இவன் ஃபாரத்தைத் தப்பாக நிரப்பிக்கொண்டு போய் நிற்பான், அவள் திருத்தி எழுதச் சொல்லி விரட்டுவாள். நாலாவது வருஷம் வேண்டுமென்றே தப்பாக நிரப்பினேன் என்று என்னிடம் சொல்லியிருக்கிறான். எங்கள் வீட்டுக் காதல் கதை அவ்வளவுதான். 2019 நவம்பரில் அங்கேயே பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். அதற்குச் சான்றாகச் சிவப்பு அட்டை போட்ட சின்னப் புத்தகம் ஒன்று கொடுத்தார்கள். ஜனவரியில் லீவுக்கு வந்தவனைக் கொரோனா இங்கேயே பிடித்துப் போட்டது. அவளுக்கு இந்திய விசா கிடைத்தது 2024-இல். நடுவில் நாலு வருஷம் வீடியோ காலில் குடித்தனம்.

அவள் சென்னையில் வந்து இறங்கியதும் அம்மாவுக்கு ஒரே ஆசை, கோயிலில் வைத்துத் தாலி கட்ட வேண்டும் என்று. எனக்கு ஒரே யோசனை, அதையே இந்துத் திருமணமாகப் பதிவு செய்துவிட வேண்டும் என்று. சீன எழுத்தில் இருக்கும் புத்தகத்தை இங்கே எந்த ஆபீஸர் படிக்கப் போகிறார்? நம்ம ஊர் சர்டிபிகேட் ஒன்று இருந்தால் தீவு பெர்மிட் தானாக வந்துவிடும். அதற்குப் பெண் இந்துவாக இருக்க வேண்டுமாம். புரோக்கர் ஒருத்தர் மதம் மாறிய சான்றிதழ் வாங்கித் தந்தார். அதில் புதுப் பெயர் கேட்டார்கள். விசாலாட்சி என்று அம்மா சொன்னாள், விசாலாட்சி என்று நான் எழுதினேன். மாப்பிள்ளைக்கு இதற்கு முன் மணமாகவில்லை என்ற இடத்திலும் நானே டிக் அடித்தேன்.

வேறு குடும்பமாக இருந்தால் ஒரு நிமிஷம் யோசித்திருப்பார்கள். எங்களுக்குப் பேர் என்பது கார்டில் எழுதுகிற சமாசாரம். சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து எங்கள் ஆட்களை இந்தியாவுக்குக் கப்பலேற்றியபோது அப்பா எந்தக் குடும்பக் கார்டிலும் இல்லை. அவருடைய சித்தப்பா கார்டில் நல்லதம்பி என்று ஒரு மகன் இருந்தான், ஏறுவதற்கு முன்பே காய்ச்சலில் போய்விட்டான். அந்தப் பேரில் அப்பா ஏறினார். அதே பேரில்தான் தோட்ட வேலை, கல்யாணம், பென்ஷன், கடைசியில் கருமாதியும். ஒரு பேரை எழுதிக் கொடுத்தால் கதவு திறக்கும் என்று பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். அதனால் தப்பு செய்கிறோம் என்ற நினைப்பே எங்களுக்கு வரவில்லை, சாமர்த்தியம் என்றுதான் நினைத்தோம்.

வென்ஜிங் மட்டும் தயங்கினாள். விஜயன் சொல்லிக் கொடுத்த தமிழில், "அக்கா, ஒரு ஆள், ரெண்டு பேர். பிரச்சினை வரும்," என்றாள்.

"இங்க அப்படியெல்லாம் இல்லம்மா. நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொண்ட லட்சணம்தான் தெரிகிறதே. பெர்மிட் மனுவுக்குப் பலமாக இருக்கட்டும் என்று சிவப்புப் புத்தகத்தையும் இந்து சர்டிபிகேட்டையும் சேர்த்தே வைத்தேன். ஏழாவது மாதம் டெல்லியிலிருந்து கேள்வி வந்தது. மனுதாரருக்கு லுவோ வென்ஜிங் என்ற முதல் மனைவியும் விசாலாட்சி என்ற இரண்டாவது மனைவியும் இருப்பதாகத் தெரிகிறது, முதல் திருமணம் ரத்தாகிவிட்டதா? இரண்டும் ஒரே ஆள்தான் என்று பிரமாணப் பத்திரம் எழுதி அனுப்பினோம். அதற்கப்புறம் மூச்சுப் பேச்சில்லை. விஜயன் ஃபோனில் அவளை ஒரு நாள் மூத்தவளே என்றும் ஒரு நாள் இளையவளே என்றும் கூப்பிட்டுக் கேலி செய்வான். எனக்கு எரிச்சலாக வரும்.

பெர்மிட் ஆபீஸ் படியில் நின்றபடி ஜங்லிகாட்டில் இருக்கும் என் வீட்டுக்கு ஃபோன் போட்டேன். அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். மகனை ஹட் பேக்குக் கொண்டுபோய் அப்பாவுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும் என்று விடிந்ததிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தவள் அவள்.

"அவ வர ஏலாதுன்னா, அவன் போகட்டும்," என்றாள். அதைச் சொல்ல அவளுக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை.

ஆகவே உடலை விமானத்தில் சென்னைக்கு அனுப்புவது என்று முடிவாயிற்று. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே ஆபீஸில் இருந்தவன் சிவபிரகாஷ், அருப்புக்கோட்டைப் பக்கத்துப் பையன், முன்பு என் செக்‌ஷனில் வேலை பார்த்தவன். என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"போலீஸ் பேப்பர் வந்துருச்சுக்கா. நீங்க இத நிரப்பிக் குடுத்தா மதியத்துக்குள்ள ஒப்படைச்சிரலாம். நாளைக்குக் காலை ஃப்ளைட்ல ஏத்திரலாம்."

இறந்தவர் பெயர், வயது, தகப்பனார் பெயர், தாயார் பெயர் என்று வரிசையாக எழுதிக்கொண்டே வந்தேன். அடுத்த கட்டம் கணவன் அல்லது மனைவி பெயர். பேனா நின்றுவிட்டது. இனிமேலாவது ஒழுங்காக நடந்துகொள்வோம் என்று ஃபைலைத் திறந்து இரண்டு சான்றையும் எடுத்து அவன் முன்னால் வைத்தேன்.

"இது யாருக்கா?"

"பெண்டாட்டி."

"அப்ப இது?"

"அதுவும் அவதான்."

அவன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். "தப்பா நெனைக்காதீங்கக்கா. மனைவின்னு ஒருத்தர் இருந்தா அவங்க சம்மதக் கையெழுத்து வேணும். இங்க ரெண்டு பேரு இருக்காங்க. விசாலாட்சிங்கற பேர்ல ஐடி ஏதாச்சும் இருக்கா?"

"இல்ல."

"சைனா பேரை எழுதி ஒப்படைச்சிட்டு, நாளைக்கு விசாலாட்சின்னு ஒருத்தி வந்து நின்னா என் வேலை போயிரும். மேல அனுப்புனா லீகல்ல போயி உக்காந்துரும். பாடி எத்தனை நாளு கெடக்குமோ, தெரியாதுக்கா."

அவன் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அந்த நாற்காலியில் நான் இருந்திருந்தாலும் இதையே சொல்லியிருப்பேன், இவ்வளவு மரியாதையாகச் சொல்லியிருக்க மாட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவன் குரலைத் தாழ்த்தினான். "ரெண்டு பேப்பரையும் உள்ள வச்சிருங்க. நான் பாக்கல. கல்யாணம் ஆகலைன்னு எழுதுங்க. அம்மா வந்து கையெழுத்துப் போடட்டும். இன்னிக்கே முடிச்சு விட்டுர்றேன்."

"டெத் சர்டிபிகேட்ல?"

"இதுல என்ன இருக்கோ அதுதான் அதுலயும் வரும்."

வராந்தாவுக்கு வந்து வென்ஜிங்குக்கு ஃபோன் செய்தேன். முதல் ரிங்கிலேயே எடுத்தாள். உள்ளதை உள்ளபடி சொன்னேன். அவளிடம் சுற்றி வளைத்துப் பேச வேண்டியதில்லை, அவளும் கவுண்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவள்தானே.

"அந்தக் கட்டம், சும்மா விடுவாங்களா? இல்ல, 'இல்லை' எழுதுவாங்களா?" என்று கேட்டாள்.

"இல்லைன்னு எழுதுவாங்க."

"அப்போ என் விசா முடியும். அவர் மனைவின்னு தான் விசா. அவர் சர்டிபிகேட்ல மனைவி இல்ல. நான் எங்க போய்க் கேட்டாலும் அதைக் காட்டுவாங்க."

"ஆமாம்மா."

"எழுதலன்னா?"

"எப்ப குடுப்பாங்கன்னு தெரியாது. நீ பாக்கறப்ப முகம் முகமா இருக்குமான்னும் தெரியாது."

அந்தப் பக்கம் பெரம்பூர்த் தெருவில் ஒரு ஆள் மைக்கில் பழைய சாமான் கேட்டுக்கொண்டு போகும் சத்தம் வந்தது. அது மெல்லத் தேய்ந்து போனது.

"முகத்துல அடியா, அக்கா?"

"இல்ல. நெத்தில கொஞ்சம்."

"எழுதுங்க," என்றாள்.

எழுதினேன். கல்யாணம் நடந்ததாக எழுதியதும் இந்தக் கைதான், நடக்கவே இல்லை என்று எழுதியதும் இதே கைதான். எழுத்து அழகாகவே வந்தது. அம்மா ஆட்டோவில் வந்து சேர்ந்தாள். கையெழுத்துப் போடுமுன், "என்னா எழுதியிருக்க?" என்று கேட்டாள்.

"கல்யாணம் ஆகலைன்னு."

அம்மா பேனாவை வாங்கிக்கொண்டாள். "எந்த எடத்துல போடணும்?" என்றாள். ரெங்கம்மா என்று எழுத்துக் கூட்டிப் போட்டு முடித்து, பேனாவை மூடி சிவபிரகாஷிடம் கொடுத்தாள்.

புதன்கிழமை மதியம் அம்மாவும் நானும் பெட்டியோடு பெரம்பூர் வந்து சேர்ந்தோம். வீட்டுக்காரர் நல்ல மனிதர், கீழே இருந்த கார் நிறுத்துமிடத்தைக் காலி செய்து கொடுத்திருந்தார். வென்ஜிங் ஸ்டூல் போட்டு அவன் தலைமாட்டில் உட்கார்ந்தாள். இரண்டு மணி நேரம் அவன் முகத்தைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை. நெற்றிக் கட்டின் ஓரம் லேசாகப் பிரிந்திருந்ததை ஒருமுறை ஒட்டிவிட்டாள். இதற்காகத்தான் அத்தனையும் என்று நினைத்தேன். போதும் என்று தோன்றியது. போதாது என்றும் தோன்றியது. இரண்டுமே தூரத்தில் யாருக்கோ தோன்றுவதுபோல் இருந்தது.

எரித்துவிட்டு அக்கம்பக்கத்து ஆண்கள் திரும்பினார்கள். சென்னையில் எங்களுக்கு இருக்கும் ஒரே சொந்தம் அப்பாவின் ஒன்றுவிட்ட தங்கை அலமு அத்தை. சடங்கு சம்பிரதாயம் எல்லாம் அத்தைக்கு அத்துப்படி. பதினாறாம் நாள் செய்ய வேண்டியதை இன்றைக்கே செய்துவிடலாம், அதுவரை யார் இங்கே இருக்கப் போகிறார்கள் என்றாள். வென்ஜிங்கை மனையில் உட்கார வைத்து, பூ, மஞ்சள், கண்ணாடி வளையல் எல்லாம் தட்டில் எடுத்து வந்தாள்.

அம்மா தட்டைப் பிடித்துக்கொண்டாள். "ஒருத்தரும் அவ கழுத்துல கை வைக்கக் கூடாது."

"என்ன ரெங்கம்மா இது? முறைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

"எம்மகனுக்குக் கல்யாணமே ஆகலன்னு நான் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கன். சர்க்காரே ஒத்துக்கிட்டுச்சு. இது சின்னப் புள்ள. தாலியறுத்தவங்கிற பேரு இதுக்கு வேணாம். இப்படியே அது ஊருக்குப் போயி நல்லா இருக்கட்டும்."

அலமு அத்தை தட்டிலிருந்து கையை எடுத்தாள். எனக்கு அம்மாவைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. இத்தனை பேப்பரில் ஒன்றிலிருந்தாவது ஒரு நல்லது வந்ததே என்று நினைத்தேன்.

வென்ஜிங் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். பேசியது எவ்வளவு புரிந்ததோ, முக்கியமானது புரிந்திருந்தது.

"வேண்டாம் அம்மா," என்றாள். "நான் அவர் பெண்டாட்டி. பெண்டாட்டிக்கு என்ன செய்வீங்களோ, எனக்கும் அதைச் செய்ங்க."

அம்மா தட்டைக் கீழே வைத்தாள். அவளுக்குக் கை எழவில்லை. என்னைப் பார்த்தாள்.

நான் எழுந்து வென்ஜிங் முதுகுப் பக்கம் போய் உட்கார்ந்து, கூந்தலை ஒதுக்கினேன். கயிற்றை வருஷா வருஷம் மாற்ற வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அதே பழைய கயிறு, மஞ்சள் போய் வெளுத்திருந்தது. விஜயன் போட்டது ஒரு முடிச்சு, நாத்தனார் என்று நான் போட்டது இரண்டு. அவிழ்ந்துவிடக் கூடாது என்று அன்றைக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கியிருந்தேன். நகம் உள்ளே போகவில்லை. அறுத்துவிடு என்றாள் அலமு அத்தை. வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு ஒவ்வொன்றாக அவிழ்த்தேன். ரொம்ப நேரம் ஆயிற்று. அவள் முடியும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.