நல்லதா ஒரு லேப்டாப்

அந்த வீட்டில் அவனுக்கு 'ஆராய்ச்சி' என்று பேர். பெற்ற தாயே வைத்த பேர். ஒரு மிக்ஸி வாங்கக் கிளம்பினாலும் தெருவில் உள்ள எல்லாக் கடையும் ஏறி இறங்கி, மூடியைத் திறந்து மூடி, மோட்டார் சத்தத்தைக் காதைக் கொடுத்துக் கேட்டு, "அடுத்த மாசம் பார்க்கலாம்" என்று கையை வீசிக்கொண்டு திரும்பி வருவான். வாஷிங் மெஷினுக்கு அவன் ஆராய்ந்து முடிப்பதற்குள் அவன் மனைவிக்குத் துணி துவைத்தே இடுப்பு ஒடிந்துவிட்டது. ஆனாலும் கடைசியில் வந்து இறங்கிய மெஷின் இன்றுவரை ஒரு நாள் மக்கர் பண்ணியதில்லை. அதனால் சொந்தக்காரர்கள் எதை வாங்குவதென்றாலும் அவனை ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் வாங்குவார்கள். அப்படிக் கேட்டால் அவனுக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

அவன் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருந்தான். மனைவி ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தாள். நோய் பற்றிய தகவல்களைக் கம்ப்யூட்டரில் அலசிப் பார்க்கிற மேல்படிப்பு ஒன்றுக்கு விண்ணப்பிக்கட்டுமா என்று அவள் கேட்டபோது, "தாராளமா போடு, இதையெல்லாம் என்கிட்ட கேக்கணுமா?" என்றான். கிடைக்காது என்ற தைரியம்தான். கிடைத்துவிட்டது.

ஆபீசில் மேனேஜர் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். பக்கத்து வீட்டுக்காரி, "உங்களை மாதிரி ஒரு புருஷன் கிடைக்கக் கொடுத்து வெச்சிருக்கணும்" என்றாள். அவன் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான். உள்ளே வயிறு எரிந்தது. முன்பெல்லாம் அம்மா தன் சர்க்கரை ரிப்போர்ட்டை அவனிடம்தான் நீட்டுவாள். அவனும் அரைகுறையாகத் தெரிந்ததை அடித்துவிடுவான். இப்போது அம்மா அவனைத் தாண்டிக் கையை நீட்டி மருமகளிடம் கொடுக்கிறாள். இந்தப் படிப்பும் முடிந்தால் தன்னை யார் சீந்துவார்கள் என்று நினைத்தான். 'வேண்டாம்' என்று சொல்லிக் கெட்ட பேர் வாங்க அவன் என்ன முட்டாளா?

சேர்க்கைக் கடிதத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. வகுப்பு தொடங்குமுன் வீட்டிலிருந்தே ஒரு முன்பயிற்சியை முடித்து, அதன் கடைசியில் நடக்கிற பரீட்சையில் தேற வேண்டும். தேறாதவர்களின் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். பரீட்சையை லேப்டாப்பில்தான் எழுத வேண்டும், செல்போன் செல்லாது. வீட்டில் லேப்டாப் கிடையாது.

"என்னங்க, சம்பளத்துல சேர்த்து வெச்சது இருக்கு. ஒண்ணு வாங்கிடலாமா?"

"வாங்கிடலாம். ஆனா அவசரப்படாதே. நல்லதா ஒண்ணு பார்ப்போம்."

கடிதம் வந்த அன்று சாயங்காலமே இரண்டு பேரும் கடைக்குப் போனார்கள். வாசலுக்குப் பக்கத்து மேஜையில் சாம்பல் நிறத்தில் ஒன்று இருந்தது. அவன் விசைகளை அழுத்திப் பார்த்தான். அடியில் கையை வைத்துச் சூடு பார்த்தான். திரையை மெல்ல அசைத்து கீல் இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்தான். குறை சொல்ல ஊசி முனையளவுகூட இடமில்லை. இதுதான் என்று அவனுக்கு அங்கேயே தெரிந்துவிட்டது. அவனுடைய ஆராய்ச்சி வாழ்க்கையிலேயே முதல் கடையில், முதல் மேஜையில், முதல் பொருளே சரியாக அமைந்தது அன்றைக்குத்தான்.

"நல்லா இருக்குல்ல?" என்றாள் அவள்.

"ம்ஹூம். இது உழைக்காது. வா, போலாம்."

அதற்குப் பிறகு அவன் போட்ட முட்டுக்கட்டைகளைச் சொல்லி மாளாது. ஒன்று கனம், தோள்பட்டை போய்விடும் என்றான். இன்னொன்று இலேசு, கீழே விழுந்தால் அப்பளம் என்றான். ஒன்றில் சார்ஜ் நிற்காது, இன்னொன்றில் மின்விசிறி இரையும். எல்லாம் பொருந்தி ஒன்று வந்தால், "அடுத்த மாசம் புது மாடல் வருதாம், இப்ப வாங்கினா ஏமாளி ஆயிடுவோம்" என்றான். அவள் சந்தேகப்படவே இல்லை, பாவம். மிக்ஸிக்கே அத்தனை அலைந்த மனுஷன் தன் படிப்புக்காக இவ்வளவு மெனக்கெடுகிறாரே என்று பரிசோதனை நிலையத்துத் தோழிகளிடம் பெருமை வேறு அடித்துக்கொண்டாள். காலையில் வேலைக்குக் கிளம்புமுன் சமையலறையில் நின்றபடியே செல்போனின் குட்டித் திரையில் பாடம் படித்தாள். எழுத்து தெரியாமல் கண்ணை இடுக்கி இடுக்கி அவளுக்குத் தலைவலியே வந்துவிட்டது.

வெளியூரில் இருந்த அவள் தம்பி விஷயம் கேள்விப்பட்டு, "மாமா, என்னோடதை அனுப்பி வைக்கிறேன். புதுசு வாங்குற வரைக்கும் அக்கா வெச்சுக்கட்டும்" என்று போன் செய்தான்.

"ஏன் மாப்ள, என் பொண்டாட்டிக்கு ஒரு லேப்டாப் வாங்கிக் குடுக்க எனக்கு வக்கில்லைன்னு நெனைச்சியா?" என்று அவன் சிரித்துக்கொண்டே கேட்டான். அந்தப் பையன் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டான். பக்கத்தில் இருந்த அவளும், "உனக்கு எதுக்குடா இந்த வேலை?" என்று தம்பியையே கடிந்துகொண்டாள்.

பரீட்சை நெருங்கியது. அவள் முகம் வெளிறத் தொடங்கியதும், "கவலைப்படாதே, ஆபீஸ் லேப்டாப்பைக் கேட்டு வாங்கிட்டு வரேன். பரீட்சையை அதுல எழுதிடு" என்றான். அவளுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. முந்தின நாள் சாயங்காலம் வெறுங்கையோடு வந்தான். கேட்டால், வண்டியில் இருக்கிறதாம், காலையில் எடுத்துத் தருவானாம்.

"பரீட்சைக்கான சாப்ட்வேரை முன்கூட்டியே ஏத்தணும்னு போட்டிருக்காங்களேங்க."

"அதெல்லாம் அஞ்சு நிமிஷ வேலை. நீ நிம்மதியா படி."

ஆபீஸ் லேப்டாப்பில் வெளி சாப்ட்வேர் எதையும் ஏற்ற முடியாது. சிஸ்டம் பார்க்கிற ஆள் வந்து தன் பாஸ்வேர்டைப் போட்டால்தான் உண்டு. கணக்குப் பிரிவில் பியூன் வரைக்கும் எல்லோருக்கும் இது தெரியும். அவனுக்கு மட்டும் தெரியாமல் இருக்குமா?

ஞாயிற்றுக்கிழமை காலை. தலை குளித்து, சாப்பாட்டு மேஜையைத் துடைத்து, பக்கத்தில் தண்ணீர் பாட்டிலை வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்தாள். சாப்ட்வேரைத் தட்டினாள். திரை பாஸ்வேர்டு கேட்டது. மறுபடி தட்டினாள். மறுபடியும் கேட்டது.

"என்னங்க, இது என்னமோ பாஸ்வேர்டு கேக்குது."

"அடடா" என்றான் அவன். அந்த 'அடடா'வை அவன் மனசுக்குள் எத்தனை தடவை சொல்லிப் பார்த்திருந்தானோ, அச்சு அசலாக வந்தது. "இரு, சிஸ்டம் ஆளுக்குப் போன் போடுறேன்."

பால்கனிக்குப் போய்ப் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றான். எந்த எண்ணையும் அழுத்தவில்லை. கண்ணாடிக் கதவு வழியாக அவளைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். உள்ளே வந்து, "எடுக்க மாட்டேங்கிறான்மா" என்றான். திரும்பவும் போனான். இப்படியே உள்ளுக்கும் வெளிக்கும் நடந்தான். அவள் முதலில் திரையைப் பார்த்தாள், பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள், பிறகு எதையும் பார்க்கவில்லை. தம்பியைக் கூப்பிடலாம் என்றால் அவன் ஊரிலிருந்து வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும். நேரம் கடந்ததும் அவள் லேப்டாப்பை அணைத்து, உறையில் போட்டு, ஜிப்பை இழுத்து அவனிடமே கொடுத்தாள்.

"என் தலையெழுத்துக்கு நீங்க என்ன பண்ணுவீங்க? உங்களுக்கும்தான் எவ்வளவு அலைச்சல்" என்றாள்.

இதைக் கேட்டும் அந்த மனுஷன் நிம்மதியாகத்தான் சாப்பிட்டான். இரண்டாம் முறை ரசம் கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டான்.

அவள் இடம் வேறொருவருக்குப் போய்விட்டதாக மூன்றாம் நாள் தகவல் வந்தது. அடுத்த ஞாயிறு அவள் தம்பி அக்காவைத் தேற்ற வந்திருந்தான். அந்த நேரம் பார்த்து ஆராய்ச்சி ஒரு பெட்டியோடு உள்ளே நுழைந்தான். இடம்தான் போய்விட்டது, இனி வாங்கிக் கொடுப்பதில் என்ன நஷ்டம்? பெட்டியைப் பிரித்து, அந்தச் சாம்பல் நிற லேப்டாப்பை எடுத்து மேஜை மேல் வைத்து ஆன் பண்ணினான்.

"போனது போகட்டும்மா. உனக்குன்னு வாங்கியாச்சு" என்றான்.

அம்மாவுக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. "பார்த்தியாடி? தங்கமான பிள்ளைடி இவன்!"

அவள் எல்லோருக்கும் டீ கொண்டுவந்து வைத்தாள். தம்பி லேப்டாப்பைத் தொட்டுப் பார்த்தான். "நல்லாத்தான் இருக்கு மாமா. ஆனா ஏதோ அவசரத்துல கையில கிடைச்சதை வாங்கிட்டு வந்த மாதிரி இருக்கே."

விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனால் ஆராய்ச்சியைப் பார்த்து யாராவது அவசரம் என்று சொல்லலாமா? சுருக்கென்று தைத்துவிட்டது.

"அவசரமா? நானா? கடிதம் வந்த அன்னைக்கே இதைப் பார்த்து முடிவு பண்ணிட்டேன் மாப்ள. இதை அடிச்சுக்க ஆள் கிடையாது. அதுக்கப்புறம் வேற எதையும் நான் ஒழுங்காக்கூடப் பார்க்கலை, தெரியுமா?"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கே உறைத்தது. தம்பி டீயைக் குடிக்காமல் கீழே வைத்தான். அம்மா மட்டும், "அவன் கண்ணுக்கு எதுடா தப்பும்?" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

"கடிதம் வந்த அன்னைக்கேவா?" என்றாள் மனைவி.

"இல்லம்மா... அதாவது, மனசுல ஒரு..."

மேஜை மேல் அவன் செல்போன் கிடந்தது. அவள் அதை எடுத்தாள். திறப்பதற்கான எண் அவளுக்குத் தெரியும்.

"பரீட்சை அன்னைக்குக் காலையில அந்த சிஸ்டம் ஆளுக்கு எத்தனை தடவை போன் போட்டீங்க?"

போனைப் பிடுங்க அவன் கை தன்னால் நீண்டது. அவள் அந்தக் கையையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு போனைத் திறக்காமல் அவன் கையிலேயே வைத்தாள்.

"வேண்டாம். பார்த்துட்டா அப்புறம் உங்களோட குடித்தனம் பண்ண முடியாது. பண்ணித்தானே ஆகணும்?"

"அக்கா..." என்று தம்பி எழுந்தான்.

"உக்காருடா. டீ ஆறுது பாரு, குடி." காலித் தட்டை எடுத்துக்கொண்டு அவள் சமையலறைக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் குழாயைத் திறந்துவிடுகிற சத்தம் கேட்டது.

ஒன்றும் புரியாத அம்மா லேப்டாப்பை எட்டிப் பார்த்தாள். "என்னடா அது, நிக்குது? என்னமோ கேக்குதே."

"பேரு கேக்குதும்மா. யாரோடதுன்னு."

"உன் பேரையே போட்டுக்கோடா. அவளுக்கு இனிமே அது எதுக்கு?"

அவன் தன் பேரைப் போட்டான்.