இரண்டாவது பார்ட்டிஷனுக்கு லைசென்ஸ் இல்லை

காலை பத்தே முக்காலுக்கு ஷூ தொழிற்சாலையின் திரையில் அந்த வரி வந்தது: லைசென்ஸ் இல்லை. ஜெயசீலி மறுபடி என்டர் தட்டினாள். அதே வரி.

2003 மார்ச். ஆம்பூரில் மஹபூப் பாஷாவுக்கு ஒரு ஷூ தொழிற்சாலையும் தோல் பதனிடும் ஒரு டேனரியும் இருந்தன. இரண்டிலும் தனித்தனியே ஓடிய பழைய கம்ப்யூட்டர்களை எடுத்துவிட்டு, ஒரே பெரிய சர்வரை வாங்கி, உள்ளுக்குள் தனித்தனிக் கம்ப்யூட்டர் போல ஓடும் இரண்டு பார்ட்டிஷனாகப் பிரித்துத் தருவது என்பது கம்ப்யூட்டர் பிரிவைக் கவனித்துவந்த ஜெயசீலியின் திட்டம். எதற்கு எவ்வளவு மெமரி, எத்தனை டிஸ்க் என்று நான்கு மாதம் தாள் தாளாக எழுதினாள். ஏற்றுமதி மென்பொருளின் லைசென்ஸ் கட்டத்தில் மட்டும் ‘ஒன்று’ என்று போட்டாள். ஒரே மெஷின்தானே! அந்த மென்பொருள் கம்பெனிக்குப் போன் செய்தபோது யாரோ “ஒண்ணு போதும்” என்றார்கள். அதை நம்பி, ஷூ தொழிற்சாலையின் பழைய லைசென்ஸை அவளே கடிதம் எழுதி ஒப்படைத்துவிட்டாள்.

வெளியே கன்டெய்னர் லாரி நின்றது. இரண்டு மணிக்குள் கிளம்பினால்தான் இரவு எட்டுக்குள் சென்னைத் துறைமுகம். அந்த மென்பொருள் அடித்துத் தரும் இன்வாய்ஸும் பேக்கிங் லிஸ்ட்டும் இல்லாமல் லாரி கேட்டைத் தாண்ட முடியாது.

சர்வரை நிறுவ சென்னையிலிருந்து வந்திருந்த பார்த்திபன் நெற்றியைத் தேய்த்தான். “மேடம், அந்த லைசென்ஸ் கீ மெஷினைப் பார்க்கல, பார்ட்டிஷனைப் பார்க்குது. டேனரியில போட்டாச்சு. இங்க ஓடாது.” பிறகு குரலைத் தாழ்த்தினான். “பழைய மெஷின் குடோன்லதானே இருக்கு? அதுல தேதியைப் போன மாசத்துக்குத் தள்ளி வெச்சா, முடிஞ்சுபோன பழைய கீ வேலை செய்யும். யாருக்கும் தெரியாது.”

ஒரு நொடி அவளுக்கு ஆசையாகத்தான் இருந்தது.

“ஒப்படைச்சிட்டேன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன். வேணாம்.”

கதவைத் தள்ளிக்கொண்டு பாஷா வந்தார். “இன்னாம்மா, பேப்பர் இன்னும் வரலியா? டிரைவர் ஹாரன் அடிச்சினே கீறான்.”

“பாய், தப்பு என்னோடது. லைசென்ஸ் ரெண்டு வேணும். நான் ஒண்ணுன்னு போட்டுட்டேன்.”

“எழுத்துல வாங்கினியா?”

“இல்ல பாய்.”

அவர் முகம் இறுகியது. “இந்தக் கப்பல் போச்சுன்னா அடுத்த ஆர்டர் கிடையாது. மேல முந்நூறு பொம்பளைங்க தைக்கிறாங்க, தெரியுமில்ல?”

“ஒரு வழி இருக்கு. டேனரி பார்ட்டிஷனுக்குள்ளயே நம்ம ஷூ டேட்டாவை இறக்கிப் பிரின்ட் எடுக்கலாம். அதுவரைக்கும் டேனரியில கம்ப்யூட்டர் நிக்கும்.”

பாஷா அங்கேயே போனை எடுத்து டேனரி அலுவலகத்தை அழைத்தார். “தில்ஷாத், தோல் ஊறுற டிரம்முக்குப் போற கெமிக்கல் சீட்டெல்லாம் கையால எழுது. ஏன்னு அப்புறம் கேளு.”

டேனரிக்கு அவள் டிஸ்க்கைக் கம்மியாகத்தான் ஒதுக்கியிருந்தாள். நிரம்பினால் டேனரியும் சேர்ந்து படுத்துவிடும். “இந்த வருஷத்து டேட்டா மட்டும் இறக்குங்க. பழசு வேணாம்” என்றாள். ஷூ டேட்டா இருந்த டேப் சுழன்றது. திரையில் டிஸ்க் நிரம்பிய அளவு எண்பத்தொன்று, எண்பத்தாறு, தொண்ணூறு சதவீதம் என்று ஏறியது.

“நிறுத்திடலாமா மேடம்?”

“பொறுங்க.”

தொண்ணூற்று மூன்றில் நின்றது. பன்னிரண்டே முக்காலுக்கு முதல் இன்வாய்ஸ் வந்தது. தலைப்பில் டேனரியின் பெயர்! பெயரை மாற்றி மறுபடி அடித்தாள். ஒன்று நாற்பதுக்கு லாரி கேட்டைத் தாண்டியது.

லாரியை அனுப்பிவிட்டுத் திரும்பி வந்த பாஷா கத்தவில்லை. “உன் திட்டத் தாளெல்லாம் கொண்டா.”

வேலையை வேறு யாரிடமோ கொடுக்கப்போகிறார் என்றே நினைத்தாள். அவரோ கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வரிக்கு வரி விரல் வைத்துப் படித்தார். இரண்டாம் தாளில் விரல் நின்றது.

“டேப் டிரைவ் ஒண்ணுதான் போட்டிருக்கே. ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல கேட்டா இன்னா பண்ணுவே?”

“மாத்தி மாத்திக் குடுக்கணும் பாய். அதுக்கு இன்னும் நேரம் பிரிக்கல.”

“இப்பவே பிரி. லைசென்ஸ் ரெண்டுன்னு திருத்து. இந்தத் தடவை எழுத்துல வாங்கு.”

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். ஏழேகாலுக்கு, துறைமுகத்துக்குள் நுழைந்துவிட்டதாக டிரைவர் போன் செய்தபோது, இருவரும் மூன்றாம் தாளில் இருந்தார்கள்.