ஒரு மீன் மிச்சம்

1

இது என் அக்கா மகள் நொரால்பாவின் கதை. அன்று படகின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். எனக்கு எழுத இருக்கும் உரிமை அவ்வளவுதான்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'விச்சாதா ஆறு பெருகியிருந்தது. வானம்—'

வேண்டாம். அன்று வானத்தை யாரும் பார்க்கவில்லை.

2

நொரால்பா வயதுக்கு வந்து பதினொரு நாள். குடிசைக்குள் மறைவில் இருந்தாள். ஆற்று மீன்களை ஒன்று விடாமல் பெயர் சொல்லி ஓதி முடிக்கும்வரை எங்கள் சிக்குவானிப் பழங்குடிப் பெண் மீன் தின்னக் கூடாது, ஆற்றில் இறங்கக் கூடாது. மீறினால், விடுபட்ட மீன் அவளை உள்ளே அழைத்துக்கொள்ளும். (நம்புகிறாயா என்று கேட்காதீர்கள். அதே ஆற்றில்தான் குளிக்கிறேன்.)

எங்கள் ஊரில் ஓதத் தெரிந்த பெலார்மினோ மாமா முந்தைய மாலையே குடிசை வாசலில் உட்கார்ந்து ஓதத் தொடங்கியிருந்தார்.

காலையில், எங்கள் நிலத்தைக் கேட்டுவந்த பண்ணைக்காரனின் ஆட்கள் நான்கு பேர் துப்பாக்கியோடு வந்தார்கள். நண்பகலுக்குள் காலி செய்யாவிட்டால் கொளுத்துவார்களாம். சுற்றிலும் வெள்ளம். படகுதான் வழி; ஓதி முடிக்காமல் அவள் அதில் ஏறக் கூடாது.

3

மாமா மூச்சு வாங்க நிறுத்தியபோது என் அண்ணன் எவெலியோ குனிந்தான்.

"மாமா, கொஞ்சம் சுருக்கேன்."

"எதை விடட்டும்? நீயே சொல்லு."

"பொடி மீனையெல்லாம்..."

"விட்டதுதான்டா வந்து நிக்கும்."

துப்பாக்கிக்காரன் ஒருவன் சிரித்தான். "என்ன பெரிசு, மீனுக்கு ஞானஸ்நானமா?"

"உனக்கும் பண்ணிடலாம். பேரைச் சொல்லு."



(மாமா இவ்வளவு துணிச்சல்காரரா? முந்தைய பிரதியில் அவர் ஓதலில் தடுமாறினார். அதுவும் நடந்ததுதான்.)

4

நண்பகல். பெட்ரோல் ஊற்றி முதல் குடிசையைக் கொளுத்தினார்கள். அக்கா தன் மகளைத் துணியால் மூடித் தூக்கி வந்தாள்.

"மாமா, முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது. ஏறு."

அந்த ஓதலைக் கேட்டு வளர்ந்தவள் நான். அவர் ஓதியதில் ஒரு பெயர் வரவில்லை. அவர் என்னைப் பார்த்தார். நான் கயிற்றை அவிழ்த்தேன்.

முடிவு ஒன்று: நடு ஆற்றில் படகு—

இல்லை. அவள் இருக்கிறாள். இரண்டு பிள்ளைகள். எல்லா மீனும் தின்கிறாள்.

5

மாமா இறந்த பிறகு, இதை எழுதட்டுமா என்று அவளைக் கேட்டேன்.

"அவர் முடிக்கலைன்னு எனக்கு அப்பவே தெரியும் சித்தி. குரல் தெரியாதா? எழுது. எந்த மீன்னு மட்டும் எழுதிடாத."

"ஏன்டி?"

"தெரிஞ்சா அதைத் தின்ன மாட்டேன். அப்புறம் ஆத்துல கால் வைக்க மாட்டேன்."

கடைசி வரியில் பெயரை எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். உங்களுக்கு ஏதாவது மீனின் பெயர் வாயில் வந்தால், தயவுசெய்து அவள் காதில் விழாமல்—